மறந்தவர் யார்?

சென்ற ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் நமது பங்கு இல்லத்திற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு மடல் வந்தது. எழுதியவர் நமது பங்கிலேயே திருமுழுக்குப் பெற்று, பீடச் சிறுவராய் வளர்ந்து, பொறியியல் கற்றுக் கடல் கடந்து சென்றவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வரும் சூன் மாதத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையாகிய லேண்ட்ஸ் எண்ட் என்னும் இடத்திலிருந்து, ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையிலுள்ள ஜான் ஓ குரோட்ஸ் வரை மிதிவண்டியில் செல்லவிருப்பதாக எழுதியிருந்தார். ஏறத்தாழ 1400 கிலோமீட்டர் தொலைவு. பன்னிரண்டு நாள்களில் அதைக் கடந்து, அதன் வழியாக மறதி நோயுற்றோர்க்கு நிதி திரட்டுவது அவருடைய எண்ணம். "சாமி, ஞாயிறு திருப்பலி முடிவில் ஓர் அறிவிப்புச் செய்தால் போதும். சிறு தொகையானாலும் நல்லது. எல்லாவற்றையும்விட உங்கள் செபம் வேண்டும்" என்று மடலை முடித்திருந்தார்.

நாம் மடலை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தோம். அறிவிப்புச் செய்யவில்லை.

காரணம் இருந்தது. அவரைப் பெற்ற தாய், ஆலயத்திற்கு இரண்டு தெரு தள்ளியுள்ள வீட்டில், அதே மறதி நோயுடன் ஆறு ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறார். திருமணம் செய்துகொள்ளாத மூத்த மகள், வீட்டிலேயே தையல் வேலை செய்துகொண்டு தாயைப் பார்த்துக்கொள்கிறார். பெற்றவள் இங்கே பிள்ளையின் முகம் மறந்து கிடக்க, பிள்ளை அங்கே அயல்நாட்டுச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டி, அயல்நாட்டு நோயாளருக்கு நிதி திரட்டுவதா? இதுவே நமது உள்ளத்தில் எழுந்த முதல் எண்ணம். நேர்மையாகச் சொன்னால், எண்ணம் என்பதைவிடத் தீர்ப்பு என்பதே பொருந்தும்.

அத்தீர்ப்பு நீதியானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயப் புகுந்தபோது அது நமக்கே எதிராகத் திரும்பியது. அதையும் மறைக்காமல் எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நோயின் முகம்

1901ஆம் ஆண்டு செர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு, அகுஸ்தே என்னும் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி அழைத்துவரப்பட்டார். மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் அவரிடம் பெயர் கேட்டார், அகுஸ்தே என்றார். கணவர் பெயர் கேட்டார். அதற்கும் அகுஸ்தே என்றே விடை வந்தது. பெயரை எழுதச் சொன்னபோது அவரால் எழுதி முடிக்க இயலவில்லை. 1906இல் அப்பெண்மணி இறந்த பின், அவருடைய மூளையை ஆராய்ந்து கண்டவற்றை அதே ஆண்டின் நவம்பரில் அம்மருத்துவர் அறிஞர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். 1910இல் வெளியான மருத்துவ நூலொன்றில் எமில் கிரேப்பலின் என்னும் பேராசிரியர் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்கள் பலவற்றுள் இதுவே மிகுதியாகக் காணப்படுவது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் நம்முடையதைப் போன்ற, வருவாயில் பின்தங்கிய அல்லது நடுத்தர நிலையிலுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆளானவர்கள் என மதிப்பிட்டது. இன்றுவரை இதனை முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. பிரித்தானியாவில் இந்நோயுற்றோர்க்கான சங்கம் 1979இலேயே தொடங்கிவிட்டது. நமது நாட்டிலோ 1992இல்தான், கேரளத்தில், அப்படியொரு சங்கம் முளைத்தது. 

நமது ஊர்களில் இதற்கு நோய் என்ற பெயரே இன்னும் முழுமையாகக் கிடைத்தபாடில்லை. "வயதானால் புத்தி தடுமாறத்தான் செய்யும்" என்று சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். செய்வினை என்று சொல்லித் தாயத்துக் கட்டுவோரும் உண்டு. கிழவி தெருவில் இறங்கி நடந்துவிடுவாளோ என்று அஞ்சி வெளிக்கதவைப் பூட்டுகின்றனர். கதவு பூட்டிய வீட்டுக்குள் யாரும் வருவதில்லை. நோயாளியோடு நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் பூட்டப்பட்டுவிடுகிறார். 

வலிக்கும் நிதிக்கும் என்ன தொடர்பு?

இனி நமது மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். முதலாவது மறுப்பு அறிவு சார்ந்தது. ஒருவர் சாலையில் மிதிவண்டி ஓட்டுவதால் மற்றொருவரின் மூளையில் நோய் குறைவதில்லை. பணம் கொடுக்க விரும்புவோர் நேரே கொடுத்துவிடலாம். இடையில் இந்த வியர்வை எதற்கு?

நம்மில் ஐம்பதைக் கடந்தோர் எளிதில் மறக்கவியலாத காட்சி ஒன்றுண்டு. பள்ளித் திடலிலோ சந்தை மைதானத்திலோ ஒருவர் இரவும் பகலுமாய், காலைத் தரையில் ஊன்றாமல், நாள்கணக்கில் மிதிவண்டியில் வட்டமிடுவார். அதிலேயே உண்பார், அதிலேயே குளிப்பார். ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கும். ஊரார் வந்து அவருடைய சட்டையில் ரூபாய்த் தாளைக் குத்திவிட்டுப் போவார்கள். அவர் வயிற்றுக்காகச் செய்தார்; ஆயினும் அவரை யாரும் இரவலர் என்று சொல்லவில்லை. கை நீட்டுவதற்கும் வட்டமிடுவதற்கும் இடையே ஒரு வேறுபாடு இருப்பதை, எழுத்தறியாத மக்களும் உணர்ந்திருந்தனர். 

திருவள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும், அதனையடுத்து இரவச்சம் என்று மற்றோர் அதிகாரமும் வைத்திருக்கிறார். கேட்பது தேவையாகலாம்; ஆனால் கேட்பதில் ஒரு கூச்சமும் அச்சமும் உண்டு. பிறருக்காகக் கேட்கும்போதும் அக்கூச்சம் முற்றிலும் அகல்வதில்லை. ஆலயத்தில் கட்டட நிதி கேட்டு நிற்கும் எந்தப் பங்குத்தந்தைக்கும் இது தெரியும். நெடுந்தொலைவு மிதிப்பவர், கேட்பதற்குமுன் தமது உடலை ஈடாக வைக்கிறார். "உங்கள் பணத்தை மட்டும் நான் கேட்கவில்லை, என்னிடம் உள்ளதையும் இதோ கொடுக்கிறேன்" என்பதே அவ்வியர்வையின் மொழி.

ஆகஸ்டு மாத இறுதியில் காவியுடை தரித்து வேளாங்கண்ணிக்கு நடந்துசெல்லும் நமது மக்களை எண்ணிப் பார்ப்போம். சென்னையிலிருந்து புறப்படுவோர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கின்றனர். பேருந்தும் இரயிலும் ஓடுகின்றன. அன்னையின் அருள் பேருந்தில் செல்வோருக்குக் குறைவாகக் கிடைக்கும் என்று எந்த மறைநூலும் கூறவில்லை. ஆயினும் நடக்கின்றனர். வாயால் சொல்லி முடியாத ஒன்றை உடல் சொல்லட்டும் என்று விட்டுவிடுகின்றனர். 

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இறைவன் வலியை விலையாகப் பெற்றுக்கொண்டு வரம் விற்பவர் அல்லர். இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை அருள் என்ற கணக்கு அவரிடம் இல்லை. துன்பத்தைப் பற்றி 1984இல் திருத்தூது மடல் ஒன்றை வரைந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், நல்ல சமாரியர் உவமையை அதில் நெடிது விளக்கினார். பிறர் துன்பம் நம்மிடத்தில் அன்பைக் கட்டவிழ்த்துவிட வேண்டும் என்பது அவ்விளக்கத்தின் சாரம். ஆகவே உழைப்பின் மதிப்பு வலியின் அளவில் இல்லை. அது எழுப்பும் அன்பில் இருக்கிறது. 

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி பாக்ஸ் இதற்குச் சான்று. புற்றுநோயால் ஒரு காலை இழந்த அவர், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் நாட்டின் கீழ்க்கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5373 கிலோமீட்டர் ஓடிய பின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் முதல் நாள் நிறுத்தினார். அடுத்த ஆண்டு சூனில், இருபத்திரண்டு வயதில் இறந்தார். அவர் இலக்கை எட்டவில்லை. ஆயினும் நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் என்னும் அவரது கனவு 1981 பிப்ரவரியிலேயே நிறைவேறியது. ஓட்டத்தின் பயன் எல்லைக்கோட்டில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

வலக்கை செய்வதை இடக்கை அறியலாமா?

இரண்டாவது மறுப்பு நற்செய்தி சார்ந்தது. மலைப்பொழிவில் ஆண்டவர், வலக்கை செய்யும் அறத்தை இடக்கை அறியலாகாது என்றார் (மத்தேயு 6:3). நிதி திரட்டும் பயணமோ, ஊரறிய அறிவித்துச் செய்யப்படுவது. படம் எடுத்து அனுப்புகிறார்கள். பட்டியலில் பெயர் போடுகிறார்கள். எக்காளம் ஊதிக்கொண்டு தருமம் செய்வோரை இயேசு கண்டித்தார் அன்றோ?

மிதிவண்டி வீரர்களுள்ளேயே இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலியரான ஜீனோ பார்த்தலி 1938லும் 1948லும் பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற பந்தயத்தில் வென்றவர். கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பக்தர். இரண்டாம் உலகப் போரின்போது, பயிற்சிக்குச் செல்பவர்போல் புளோரன்சுக்கும் அசிசிக்கும் இடையே மிதிவண்டி ஓட்டினார். வண்டியின் குழாய்களுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தவை, யூத மக்களின் உயிரைக் காக்கும் போலி அடையாளத் தாள்கள். புளோரன்சின் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தாவின் தூண்டுதலால் இப்பணியில் இறங்கிய அவர், போர் முடிந்த பிறகும் இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. நன்மை செய்வதற்குரியது, சொல்வதற்குரியதன்று என்பது அவர் கொள்கை. 2000இல் அவர் இறந்த பிறகே உலகம் முழு உண்மையை அறிந்தது. 2013இல் இசுரயேல் நாட்டின் யாத் வஷேம் நினைவகம் அவரை அறநெறியாளர் வரிசையில் சேர்த்தது.

இதைக் காட்டி நமது பங்கு இளைஞரைக் குறைசொல்லத் தோன்றியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்த்தலி மறைத்தார், மறைத்தால்தான் அவர்களது உயிர் பிழைக்கும். மறதி நோயின் நிலை நேர்மாறானது. அங்கே மறைப்பதுதான் கேடு. பூட்டிய கதவுக்குள் கிடப்போரைப் பற்றி யாராவது உரக்கப் பேசினால்தான் கதவு திறக்கும். அதே மலைப்பொழிவில், விளக்கை மரக்காலின்கீழ் வைக்கலாகாது என்றும் ஆண்டவர் கூறியிருக்கிறார் (மத்தேயு 5:15). இரண்டு கட்டளைகளும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. யாருடைய முகத்தின்மேல் ஒளி விழுகிறது என்பதே வினா. கொடுப்பவர் முகத்தில் விழுந்தால் அது எக்காளம். மறக்கப்பட்டவர் முகத்தில் விழுந்தால் அது விளக்கு.

அருகிலிருப்பவரும் தொலைவிலிருப்பவரும்

மூன்றாவது மறுப்பே நம்மை மிகவும் பற்றிக்கொண்டது. தொலைவிலுள்ளோரை அன்பு செய்வது எளிது. அவர்கள் நம்மேல் எச்சில் துப்புவதில்லை, இரவில் எழுப்புவதில்லை. பக்கத்தில் கிடக்கும் தாயை விட்டுவிட்டு உலகிலுள்ள நோயாளரையெல்லாம் அன்பு செய்வதாகச் சொல்வது தன்னையே ஏமாற்றுவதாகாதா? இம்மறுப்பை நாம் வலிமையானதாகக் கருதினோம். அதற்கு விடை, மறையியல் நூலிலிருந்து வரவில்லை. பங்கு அலுவலகத்தின் வாசலிலிருந்து வந்தது.

சூன் மாதத் தொடக்கத்தில் அந்த மூத்த மகள், தம்பிக்காகத் திருப்பலிக் கருத்து எழுதவந்தார். பக்கத்து வீட்டுச் சிறுமியைத் தாயருகே இருத்திவிட்டு வந்திருந்தார்; கால் மணி நேரத்தில் திரும்ப வேண்டும். நூறு ரூபாய்த் தாளை மேசைமேல் வைத்து, "தம்பி நல்லபடியா ஓட்டி முடிக்கணும் சாமி" என்றார். நாம் சற்றுக் கடுமையாகவே, "ஏனம்மா, அங்கே ஊர் ஊராய் மிதிப்பதற்குப் பதில், இங்கே வந்து தாயின் பக்கத்தில் ஒரு மாதம் இருந்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டோம். 

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இருந்தான் சாமி. போன வருசம் இருபது நாள் லீவு போட்டுட்டு வந்தான். அம்மாவுக்கு அவனை அடையாளம் தெரியல. யாரோ திருடன் வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு கத்துனாங்க. ராத்திரி திண்ணையில உக்காந்து அழுதான். மருந்து, துணி எல்லாம் அவன் அனுப்புற காசுதான். ஆனா காசு அனுப்புறது அவனுக்குப் போதல. உடம்பால ஏதாவது செஞ்சாத்தான் தூக்கம் வரும்னு சொல்றான்."

எழுந்தவர், வாசற்படியில் நின்று, குரலை உயர்த்தாமல் மேலும் சொன்னார்: "தம்பியாவது தூரத்துல இருக்கான் சாமி. நம்ம கோயில் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு. நான் ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. ஏன் வரலைன்னு யாரும் கேக்கல."

அவர் போன பின், நாம் நோயாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அத்தாயின் பெயர் அதில் இருந்தது. அடித்துவிடப்பட்டும் இருந்தது. நற்கருணையை விழுங்காமல் துப்பிவிடக்கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஓராண்டுக்கு மேலாக, முதல் வெள்ளிதோறும் அவ்வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தவர்கள் நாமே. அடித்த கோடும் நமது பேனாவினுடையதே. 

வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பொச்சாப்பு என்றால் மறதி. ஆனால் அது நோயால் வரும் மறதியன்று, கடமையில் சோர்வதால் வரும் மறதி. முன்னது பிணி, பின்னது குற்றம். மூளை தேய்ந்து மகனின் முகத்தை மறந்த தாய்க்கு இறைவன் முன் எந்தக் கணக்கும் இல்லை. மூளை நன்றாயிருந்தும் ஆட்டுமந்தையில் ஓர் ஆட்டை மறந்த மேய்ப்பனுக்குக் கணக்கு உண்டு. 

நினைவு போனால் ஆளும் போய்விடுமா?

அன்று மாலையே அவ்வீட்டிற்குச் சென்றோம். செல்லும் வழியில், குருமடத்தில் கற்ற மெய்யியல் பாடமொன்று நினைவில் எழுந்தது. ஆங்கில மெய்யியலார் ஜான் லாக், ஒருவர் நேற்றும் இன்றும் அதே ஆளாக இருப்பதற்கு அடிப்படை, அவருடைய தன்னுணர்வு நேற்றைய செயல்கள்வரை பின்னோக்கி நீள்வதே எனக் கருதினார். அப்படியானால் நினைவுச் சங்கிலி அறுந்தவரிடம் ஆளே இல்லையா? வீட்டில் கிடப்பது வெறும் உடல்தானா? "அம்மா போய் ஆறு வருசமாச்சு, இருக்கறது வெறும் கூடு" என்று இத்தகைய வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். லாக்கைப் படியாதவர்களும் அவரது முடிவிற்கே வந்து சேர்கின்றனர். 

திருச்சபையின் மரபு வேறு வழியில் சிந்தித்தது. பகுத்தறியும் இயல்பு கொண்ட தனிப்பொருளே ஆள் என்று ஆறாம் நூற்றாண்டில் போயத்தியுசு வரையறுத்தார். இயல்பு என்றாரேயன்றிச் செயல் என்றாரில்லை. உறங்குபவரும், கருவிலிருப்பவரும், மறந்தவரும் அவ்வியல்பை இழப்பதில்லை. ஆன்மா உடலின் உருவாய் அமைவது என்று கற்பித்த புனித அக்குவினா தோமா, உடலை ஆன்மா விட்டுச்சென்ற கூடாக ஒருபோதும் பார்க்கவில்லை. நினைவின் விரிந்த மாளிகைகளைப் பற்றித் தமது ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில் வியந்து எழுதிய புனித அகுஸ்தீனாரும், இறைவனைத் தேடி அம்மாளிகையையும் கடந்தே செல்ல விழைகிறார். இக்காலத்தில் ஸ்காட்லாந்து இறையியலார் ஜான் சுவின்டன், மறதி நோயைப் பற்றி 2012இல் எழுதிய நூலில், நாம் யார் என்பதை நமது நினைவு தாங்கி நிற்கவில்லை, கடவுளின் நினைவே தாங்குகிறது என வாதிடுகிறார். தாயே தன் பிள்ளையை மறந்தாலும் ஆண்டவர் மறப்பதில்லை என்ற எசாயாவின் 49ஆம் அதிகாரம், எவ்வளவு நுட்பமாக நமது காலத்து நோயைத் தொடுகிறது! தாய் மறக்கக்கூடும் என்பதை விவிலியம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அத்தாய் நம்மை ஏறிட்டுப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை. நாம் சிலுவை அடையாளம் வரைந்தபோது, மடியில் கிடந்த அவருடைய கை தானே எழுந்து நெற்றிக்குச் சென்றது. மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினோம். அவரோ, நாம் இன்று சொல்லும் மொழிபெயர்ப்பில் அல்லாமல், வடசொற்கள் நிறைந்த பழைய மொழிபெயர்ப்பில், ஒரு சொல்லும் பிசகாமல் முடித்தார். நற்கருணையின் சிறு துணுக்கை ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுத்தோம். விழுங்கினார். ஓராண்டாய் நாம் அஞ்சியது நடக்கவில்லை. பிறகு நமது கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டார். ஆயிற்று என்றோம். மீண்டும் கேட்டார்; மீண்டும் ஆயிற்று என்றோம். மூன்றாம் முறையும் கேட்டார். பெயர்களெல்லாம் உதிர்ந்துபோன பின்னும் அந்த வினா உதிரவில்லை. 

நீச்சலும் சைக்கிளும் மறக்காது என்று நமது மக்கள் சொல்வார்கள். மருத்துவ அறிவியலும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் காக்கும் நினைவு ஒருவகை. கையும் காலும் பழகிய செயலைக் காக்கும் நினைவு மற்றொருவகை. மூளையில் அவற்றின் இடங்களும் வேறு. அல்சைமர் நோய் முன்னதை முதலில் தின்னுகிறது. பின்னது நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது. தாயின் கை சிலுவை வரைந்ததும், மகனின் கால் மிதிவண்டி மிதித்ததும் ஒரே வகை அறிவு. தாய்க்கு எது எஞ்சியிருக்கிறதோ, அதைக்கொண்டே மகன் தாய்க்காக எதையோ செய்யத் துணிந்தார். இதை அவர் எண்ணிச் செய்தாரோ, எண்ணாமல் செய்தாரோ, நாம் அறியோம்.

தேர்ந்த சிலுவையும் சுமத்தப்பட்ட சிலுவையும்

அவர் பயணத்தை முடித்தார். பதினான்கு நாளாயிற்று. ஆகஸ்டில் ஒரு மடல் எழுதினார். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் தெற்கிலிருந்து வடக்கே செல்வது எளிது என்று பலரும் கூறினார்களாம். ஆனால் தொடக்கத்திலேயே வரும் கார்ன்வால், டெவன் பகுதிகளின் செங்குத்து மேடுகளை யாரும் போதிய அளவு எச்சரிக்கவில்லையாம். இரண்டாம் நாள் மழையில், மேடொன்றின் நடுவில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் புல்லில் அமர்ந்துவிட்டார். மடலின் அப்பகுதியில் அவர் எழுதியிருந்தது இது: "சாமி, அப்போதுதான் ஒன்று புரிந்தது. நான் நிறுத்த நினைத்தால் நிறுத்திவிடலாம். ஒருவரும் குறைசொல்ல மாட்டார்கள். அக்காவால் நிறுத்த முடியாது. அன்றிரவு தொலைபேசியில், 'அக்கா, நீ இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?' என்று கேட்டேன். ஆறு ஆண்டில் நான் இதைக் கேட்டதே இல்லை."

இவ்வரிகளைப் படித்தபின் மூன்றாவது மறுப்பும் தளர்ந்தது. அவருடைய பயணம் அருகிலிருப்பவரிடமிருந்து தப்பியோடியதன்று. சுற்றுவழியாக அருகில் வந்து சேர்ந்தது. ஆயினும் பயணத்தையே போதுமானதாக்கிவிடவும் கூடாது. தேர்ந்துகொண்ட துன்பத்திற்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு. இளைப்பாற இடம் உண்டு. முடிவில் கைதட்டல் உண்டு. சுமத்தப்பட்ட துன்பத்திற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இரவில் ஆறுமுறை எழும் அக்காவுக்கு எல்லைக்கோடு எங்கே? அதை அவர் விரும்பவும் இயலாது. ஏனெனில் அந்த எல்லை தாயின் இறப்பு. 

சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் சந்திக்கும் சீரேன் ஊர்ச் சீமோன், தாமே முன்வந்தவர் அல்லர். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே மாற்கு எழுதுகிறார் (15:21). ஆயினும் திருச்சபை இருபது நூற்றாண்டுகளாய் அவர் பெயரை மறக்கவில்லை. விரும்பித் தோள்கொடுப்பவரைப் போற்றும் உலகில், கட்டாயத்தால் தோள்கொடுத்து, பின் அதனை இறக்கிவைக்காமல் நடப்பவரையும் போற்ற நாம் கற்க வேண்டும். நெடும்பயணம் செல்பவர் இதற்கு ஒரு வகையில் உதவுகிறார். யாரும் பாராத நெடும்பயணம் ஒன்று பக்கத்து வீட்டில் நடக்கிறது என்பதை, எல்லாரும் பார்க்கும் தம் பயணத்தால் சுட்டிக்காட்டுகிறார். நாம் பார்க்க வேண்டியது சுட்டும் விரலையன்று.

அறிவிப்பைத் திருப்பலி முடிவில் நாம் ஆகஸ்டில்தான் செய்தோம். இரண்டு மாதம் பிந்திய அறிவிப்பு. தம்மால் இயன்ற நிதி அங்கே திரண்டுவிட்டது என்றும், இங்கே சேர்வது இங்குள்ளோர்க்கே பயன்படட்டும் என்றும் அவர் எழுதிவிட்டார். அன்பியங்கள் வழியாக வீடு வீடாகக் கேட்டபோது, நமது பங்கில் இந்நோயுடன் பதினொருவர் இருப்பது தெரியவந்தது. நமது பட்டியலில் இருந்தவர்கள் நால்வர். இப்போது ஞாயிறுதோறும் ஒவ்வொரு வீட்டிலும் இருவர் சென்று இரண்டு மணி நேரம் அமர்கின்றனர். பெரிய சேவை ஒன்றுமில்லை. கூட இருப்பது, சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆயிற்று என்பது, அவ்வளவே. சில வாரங்களில் ஆள் கிடைப்பதில்லை. அவ்வேளைகளில் நமக்குச் சினம் வருகிறது. பிறகு அந்தப் பட்டியலில் நாம் அடித்த கோடு நினைவுக்கு வருகிறது. 

முதுமையில் வேறொருவர் உனக்கு இடுப்புக்கச்சை கட்டி, நீ விரும்பாத இடத்திற்குக் கூட்டிச்செல்வார் என்று ஆண்டவர் பேதுருவிடம் கூறினார் (யோவான் 21:18). ஐம்பதைக் கடந்த நமக்கு இவ்வசனம் தொலைவில் இல்லை. நமது நினைவும் ஒருநாள் உதிரலாம். திருப்பலியில் ஆண்டவரின் நினைவாய் அப்பத்தைப் பிட்ட கைகள், அதை எதற்காகப் பிட்டோம் என்பதை மறக்கலாம். அன்று நம்மை யார் நினைப்பார் என்ற கேள்விக்கு, இறைவன் நினைப்பார் என்பது உறுதியான விடை. ஆயினும் இறைவன் தமது நினைவை மண்ணில் யாருடைய கால்களைக்கொண்டு அனுப்புகிறார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு தெரு நடக்க நாம் மறந்திருந்தபோது, அவர் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் சுற்றிவந்து நமக்கு அதை நினைவூட்டினார்.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். சென்ற ஆண்டு அதற்கு மறுநாளோ, அதற்கடுத்த வாரமோ வந்த ஒரு ஞாயிறன்று அந்த அக்கா திருப்பலிக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில், வாசலுக்கு அருகில் அமர்ந்தார். மறையுரையின்போது மூன்று முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாம் அன்று மறையுரையைச் சுருக்கமாக முடித்தோம்.